ஒரு மூச்சுக்கு ஒரு கோடு

பிப்ரவரி 8

அன்புள்ள மிளகு,

கவரைப் பார்த்ததும் என்னமோ ஏதோன்னு பதறாதே. எல்லாரும் இருக்கோம், நல்லாத்தான் இருக்கோம். போன் இருக்கும்போது எதுக்குக் கடிதம்னு கேட்பே. இந்த வீட்டுல நான் போன் பேசினா உன் அண்ணனுக்குக் கேட்டுடும். மாடிப்படியில நின்னு பேசினாலும் கேட்கும். நுரையீரல்தான் கெட்டுப்போச்சே தவிர காதுக்கு ஒரு குறையும் வரலை. "கிளாரினெட்டை மூட்டை கட்டிப் பரண்ல போடு"ன்னு நீ என்னிக்குச் சொன்னியோ, அன்னிலேர்ந்து உன் பேரை எடுத்தாலே முகத்தைத் தூக்கி வச்சுக்கறார். நீயும் சளைச்சவ இல்லை. அவரா பேசற வரைக்கும் பேச மாட்டேன்னு உட்கார்ந்திருக்கே. மிளகுன்னு உனக்குப் பேர் வச்சவருக்கே காரம் தாங்கலை. நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கறது நான்.

சரி, விஷயத்துக்கு வரேன். நூலகத்துக்குப் பின்னாடி உடைஞ்ச நாற்காலி போட்டு வச்சிருந்த அறையைக் கேட்டு வாங்கியிருக்கேன். சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு பட்டறை நடத்தறோம். யார் வேணா வரலாம். நான் ஓவிய டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனதுக்குப் பிறகு உளியைக் கையில எடுக்கறது இப்பத்தான். லினோன்னு ஒரு ஷீட், தரையில ஒட்டுவாங்களே அது மாதிரி, கொஞ்சம் மெத்துன்னு இருக்கும். அதுல செதுக்கி, ரோலரால மை ஏத்தி, மேல காகிதத்தை வச்சு, கரண்டியோட முதுகால நல்லாத் தேய்ச்சா படம் இறங்கிடும். செதுக்கின இடம் மட்டும் வெள்ளையா நிற்கும்.

இதுல உன் அண்ணன் எங்க வரார்னா, அவர் ஊதறார், நாங்க செதுக்கறோம். பட்டறைக்கு ஒரே ஒரு சட்டம்தான். அவர் மூச்செடுத்து ஊத ஆரம்பிச்சதும் எல்லாரும் உளியை ஷீட்டோட வலது ஓரத்துல வைக்கணும், அச்சுல அது இடது ஓரமாகிடும். ஒரே வேகத்துல தள்ளிக்கிட்டே போகணும். ஸ்வரம் ஏறினா கோடு ஏறணும், இறங்கினா இறங்கணும். அவர் மூச்சு முடிஞ்ச இடத்துல உளியைத் தூக்கிடணும். அடுத்த மூச்சுக்கு அடுத்த கோடு, அதுக்குக் கீழே. ஒரு மூச்சுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். எனக்கு வரையவே வராதுன்னு சொல்லி யாரும் தப்பிக்க முடியாது.

தையல்காரம்மா ஒருத்தங்க வராங்க. தையல் மெஷின்ல துணி போற மாதிரி அவங்க கை போகுது, ஒரு நெளிசல் கிடையாது. ரிட்டயர் ஆன பஸ் டிரைவர் ஒருத்தர். அவர் இன்னமும் பிரேக் போட்டுப் போட்டுத்தான் செதுக்கறார். "சார், இது சிக்னல் இல்லை, சங்கீதம்"னு உன் அண்ணன் சத்தம் போட்டார். அறையே சிரிச்சுது. அவர் அப்படிச் சத்தம் போட்டு எவ்வளவு நாள் ஆச்சு தெரியுமா?

மாத்திரை ஒழுங்கா எடுத்துக்கறார். வாய்க்கு எதுவும் பிடிக்கலை, எல்லாம் இரும்பு மாதிரி இருக்குங்கறார். குணமாக்காது, நுரையீரல் இறுகறதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்னு டாக்டர் முதல்லயே சொல்லிட்டார். அதனால விடாம கொடுக்கறேன்.

முதல் பிரிண்ட்டை இதோட வச்சிருக்கேன். தையல்காரம்மா போட்டது. எப்படி இருக்குன்னு எழுது.

அண்ணி

*

பிப்ரவரி 21

அண்ணி,

உங்களுக்கென்ன புத்தி பிசகிடுச்சா? படியேறினாலே இளைக்கற மனுஷனைக் கூட்டிக்கிட்டுப் போய் ஊர் நடுவுல உட்கார வச்சு ஊதச் சொல்றீங்க. நான் சொன்னப்ப அவனுக்குக் கோபம் வந்துச்சு, சரி. உங்களுக்காவது கொஞ்சம் விவரம் இருக்கும்னு நினைச்சேன். டாக்டர்கிட்ட கேட்டீங்களா? கேட்காமலேயே ஆரம்பிச்சிருப்பீங்க. எனக்கு உங்களைத் தெரியாதா?

எனக்கு இங்க இருப்புக் கொள்ளலை. மூக்குக்கண்ணாடிக் கடையில நானும் முதலாளியும்தான். அவர் பாதி நாள் வரமாட்டார். வீட்டுக்கு வந்தா மாமியாரைப் புரட்டிப் படுக்க வைக்க என்னை விட்டா ஆள் இல்லை. ஓடி வரணும்னு நினைச்சா ஓடி வர முடியற நிலைமையா இது?

பிரிண்ட்டை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கேன். நல்லாருக்குன்னு சொல்றதுக்காக இல்லை, மடங்கிடக் கூடாதேன்னு. முதல் கோடு வலது ஓரம் வரைக்கும் போகுது. அது அவன் மூச்சுதானா? பால் எடுக்கப் போனவ அதைப் பார்த்துக்கிட்டே கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னுட்டேன்.

அடுத்த மாசமும் அனுப்புங்க. நான் கேட்டேன்னு அவன்கிட்ட சொல்ல வேண்டாம்.

மிளகு

*

ஏப்ரல் 12

அன்புள்ள மிளகு,

டாக்டர்கிட்ட கேட்டாச்சு, போதுமா? ஊதறதால நோய் கூடப்போறதும் இல்லை, குறையப்போறதும் இல்லை, சந்தோஷமா இருந்தா ஊதட்டும்னு சொன்னார். இப்ப எனக்கு ஒரு மன்னிப்பு எழுதி அனுப்பு.

அவருக்குச் சனிக்கிழமை வந்தா கால் தரையில நிற்கலை. காலையிலேயே சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு, "கிளம்பலையா, கிளம்பலையா"ன்னு என்னை விரட்டறார். அறையில இப்ப இடம் பத்தலை. மையை எடுத்து வைக்கறதுக்குள்ள மேஜை நிறைஞ்சுடுது. எல்லாரும் முடிச்ச பிறகு குறுக்கே கட்டின கயித்துல பிரிண்ட்டைக் கிளிப் போட்டுத் தொங்க விடுவோம், காயறதுக்கு. உன் அண்ணன் ஒண்ணு ஒண்ணா அதுக்கு முன்னாடி போய் நிற்பார். தன்னோட பாட்டைத் திரும்பக் கேட்கற மாதிரி தலையை ஆட்டிக்கிட்டே பார்ப்பார். "இந்த இடத்துல நான் இழுத்தேன், பார்த்தீங்களா"ன்னு டிரைவர்கிட்ட விரலால காட்டுவார். டிரைவரும் பெரிய வித்வான் மாதிரி ஆமா ஆமாங்கறார்.

போன மாசத்துதும் இந்த மாசத்துதும் சேர்த்து அனுப்பறேன். ரெண்டுமே தையல்காரம்மா போட்டதுதான். நீ கேட்டதா நான் சொல்லலை. அவரே கவரை எடுத்துக் கொடுத்து, "அந்தக் காரத்துக்கும் ஒண்ணு அனுப்பு"ன்னார். புரிஞ்சுக்கோ.

அண்ணி

*

மே 3

அண்ணி,

மூணையும் மேல கீழே ஒட்டி வச்சுப் பார்த்தேன். நீங்க பார்த்தீங்களா இல்லையான்னு தெரியலை. ஒரே ஆள் கை, ஒரே அளவு ஷீட். பிப்ரவரியில கோடு ஓரத்தைத் தொட்டுது. மார்ச்ல தொடலை. ஏப்ரல்ல என் உள்ளங்கையை வச்சா மறையற அளவுக்கு வலது பக்கம் கருப்பாவே இருக்கு. கடைசிக் கோடுகள் பாதியில நிக்குது. கண்ணாடிக் கடையில வேலை பார்த்துப் பார்த்து எனக்கு ஒருத்தர் கண்ணை மட்டும் நம்பாத புத்தி வந்துடுச்சு, அதனால வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது, விஷயத்தையே சொல்லாமத்தான் கேட்டேன். "சின்னதாகிட்டே வருதே"ன்னார்.

அண்ணி, அவன் அந்தக் கயித்து முன்னாடி நின்னு ஒவ்வொண்ணாப் பார்க்கறான்னு எழுதியிருக்கீங்க. அவன் முட்டாள் இல்லை. இன்னிக்கு இல்லைன்னாலும் அடுத்த வாரம் புரிஞ்சுடும். தன் மூச்சு குறையறதைத் தானே பார்த்துக்கிட்டு நிற்கறது எவ்வளவு கொடுமை! எதிரிக்குக் கூட வேண்டாம்.

ஒண்ணு பண்ணுங்க. உங்க ஆளுங்ககிட்ட தனியா சொல்லி வைங்க. அவன் நிறுத்தின பிறகும் உளியைக் கொஞ்சம் கூட நகர்த்தச் சொல்லுங்க. விரல் அளவு, அவ்வளவுதான். யாருக்கு என்ன நஷ்டம்? அவன் சந்தோஷமா வீட்டுக்கு வரட்டும். டாக்டருக்கு உண்மை தெரிஞ்சா போதும், அவனுக்குத் தெரிய வேண்டாம்.

நான் நேர்ல இருந்தா நானே சொல்லியிருப்பேன். இல்லை. அதனால நீங்கதான்.

மிளகு

*

மே 24

மிளகு,

உன் கடிதத்தைப் படிச்சுட்டுக் கோபத்துல அலமாரிக்கு மேல தூக்கிப் போட்டேன். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது அதனாலதான். நான் பார்க்கலைன்னா நினைக்கறே? கூடப் படுத்து எழுந்திருக்கறவளுக்குத் தெரியாதா? நீ தூரத்துல உட்கார்ந்து உள்ளங்கையை வச்சு அளக்கறே. நான் தினமும் அவர் சட்டை பட்டன் போடறதுக்கு நடுவுல நிறுத்தறதைப் பார்க்கறேன். தெரியாத மாதிரி இருந்தேன், அவ்வளவுதான்.

ஆனா நீ சொன்னது நடந்துடுச்சு. ரெண்டு வாரம் முன்னாடி கயித்துக்கு முன்னாடி போனவர் மூணாவது பிரிண்ட்டுலயே நின்னுட்டார். கையை அது மேல வச்சார், மை ஒட்டிக்கிச்சு. வீட்டுக்கு வந்து கையைக் கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார். அடுத்த சனிக்கிழமை சட்டையைத் தேய்க்கலை. "இன்னிக்கு நீ மட்டும் போ"ன்னார். போனேன். பாட்டு இல்லாம எல்லாரும் உளியைக் கையில வச்சுக்கிட்டு என் முகத்தைப் பார்த்தாங்க. அப்பத்தான் சொன்னேன், நீ எழுதினதை அப்படியே சொன்னேன், உன் பேர் மட்டும் சொல்லலை.

யாருமே ஒரு கேள்வி கேட்கலை மிளகு. "இதென்ன பெரிய விஷயம், இழுத்துட்டாப் போச்சு"ன்னாங்க தையல்காரம்மா. டிரைவர் மட்டும் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். ஒரு அறை முழுக்க ஆளுங்க, கண் சிமிட்டற நேரத்துல பொய்க்குத் தயாராகிட்டாங்க. அவ்வளவு பிரியம் அவர் மேல.

நேத்து கெஞ்சிக் கூத்தாடி அவரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஊதினார். நிறுத்தினார். உளிகள் நிற்கலை. சத்தமே வராம நகர்ந்துக்கிட்டே இருந்துது. கயித்துல தொங்கினதைப் பார்த்துட்டு அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கே! கல்யாணமான புதுசுல கூட அப்படிப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் வைன்னு கேட்டார்.

சரியாத்தான் பண்ணியிருக்கோமா? சரின்னு எழுது. உனக்குத் தெரிஞ்ச விஷயம்தானே இது, நீதானே சொன்னே.

புது பிரிண்ட் வச்சிருக்கேன்.

அண்ணி

*

ஜூன் 9

அண்ணி! அண்ணி!

அவன் போன் பண்ணினான். நானா பண்ணலை, அவனாப் பண்ணினான். கடையில ஒருத்தருக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கிட்டிருந்தேன், போனைப் பார்த்ததும் அவர் மூக்கு மேலயே ஃபிரேமை விட்டுட்டு வெளியே ஓடிட்டேன். "மிளகு, பிரிண்ட் வந்துச்சா? பார்த்தியா? பரண்ல போடச் சொன்னியே"ன்னு கேட்டான். கேட்டுட்டு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவுல ரெண்டு தடவை மூச்சு வாங்கினான், நான் கேட்காத மாதிரி இருந்தேன். "நான் தோத்துட்டேன்டா சாமி, நீ ஊது"ன்னு சொல்லிட்டேன்.

தெருவுல நின்னு அழுதேன். உள்ளே வந்தா அந்த மனுஷன் அதே ஃபிரேமோட உட்கார்ந்திருக்கார், "அம்மா, எனக்கு எதுவுமே தெரியலை"ங்கறார். எனக்கும்தான்னேன்.

சரிதான் அண்ணி. சத்தியமா சரிதான்.

மிளகு

*

ஆகஸ்ட் 2

மிளகு,

எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை. நேத்து மாடிப்படியில பாதியில உட்கார்ந்துட்டார். உதடு நீலமா இருந்துது. கீழ் வீட்டுக்காரங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடிச்சு மேல கூட்டிக்கிட்டு வந்தோம். டாக்டருக்குப் போன் பண்ணலாம்னு எடுத்தேன். "எதுக்கு, எனக்கு நல்லாத்தானே இருக்கு, வெயில்"ன்னார். மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அப்பத்தான் சொல்றார், சாதாரணமா, இன்னிக்குக் காத்து அடிக்குதுன்னு சொல்ற மாதிரி: "அதை நான் நிறுத்தி ரெண்டு மாசமாச்சு."

தினமும் காலையில ஒண்ணைப் பிரிச்சு வாஷ்பேசின்ல போட்டிருக்கார். அட்டை காலியாகிக்கிட்டே இருந்துது, நானும் புதுசு வாங்கி வச்சுக்கிட்டே இருந்தேன். மெஷின்ல ஊதிப் பார்க்கற பரிசோதனைக்கு ஜூன்ல போகணும். போயிட்டு வந்தேன்னு சொன்னார். போகலை. பூங்காவுல உட்கார்ந்துட்டு வந்திருக்கார்.

ஏன்னு கத்தினேன். கயித்துப் பிரிண்ட்டையெல்லாம் வீட்டுக்குக் கொண்டு வந்து சுவத்துல ஒட்டி வச்சிருக்காரே, அதைக் காட்டினார். "ஏப்ரல்ல மாத்திரை சாப்பிட்டேன், கோடு சின்னது. மே கடைசியிலேர்ந்து கோடு நீளம். தெம்பு வந்துடுச்சு, அப்புறம் எதுக்கு அந்த விஷம்? நிறுத்தின பிறகும் குறையலை பார். டாக்டரோட மெஷின் ஒரு தடவை ஊதினதை வச்சுச் சொல்லுது. இது வாராவாரம் இத்தனை பேர் கையால எழுதினது. எது நிஜம்?"

மிளகு, நான் என்ன சொல்லட்டும்? ஜூன்ல அவருக்கு வாய் ருசி முழுசாத் திரும்பினது மாத்திரையை விட்டதாலதான். அதுக்கு முன்னாடி மே மாசம் தட்டை நீட்டினாரேன்னு நான் பூரிச்சுப் போனேனே! அதுக்கு அடுத்த வாரமே, நாம கொடுத்த பொய்யை வச்சுத்தான் அவர் மருந்தை விட்டிருக்கார்.

என்ன பண்றது சொல்லு. சீக்கிரம் சொல்லு.

அண்ணி

*

ஆகஸ்ட் 11

அண்ணி,

சொல்லிடுங்க. இன்னிக்கே சொல்லிடுங்க. பொய் கோடுன்னு சொல்லி மாத்திரையை வாயில போடுங்க. கோபப்பட்டா படட்டும், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாத் திருப்பிக்கட்டும், உயிரோட திருப்பிக்கட்டும்.

ரெண்டு மாசம் வாஷ்பேசின்ல போட்டிருக்கான், நீங்க எங்க பார்த்துக்கிட்டிருந்தீங்க? ஒரு தடவையாவது முன்னாடி நின்னு முழுங்க வைக்கணும்னு தோணலையா? சட்டை பட்டனைப் பார்த்தேன்னு எழுதத் தெரிஞ்சுது.

இதை எழுதிட்டு அடிக்கலாம்னு பேனாவை எடுத்தேன். அடிக்கலை, இருக்கட்டும். உங்களைத் திட்டலைன்னா என்னைத் திட்டிக்கணும். விரல் அளவுன்னு எழுதினது நான்தான்.

உங்களால முடியலைன்னா விடுங்க. நான் சொல்றேன். மாமியாருக்கு ஒரு வாரத்துக்கு ஆள் பேசிட்டேன், முதலாளிகிட்ட சண்டை போட்டு லீவும் வாங்கிட்டேன். இருபத்தி அஞ்சாம் தேதி வரேன். என் யோசனை, நானே சொல்றேன். அதுவரைக்கும் அதட்டியாவது மாத்திரையைக் கொடுங்க.

மிளகு

*

செப்டம்பர் 7

மிளகு,

வந்தே. நாலு நாள் இருந்தே. போயிட்டே. சொல்லலை.

ஒவ்வொரு நாளும் சமையல் கட்டுல நின்னுக்கிட்டு இப்பச் சொல்லுவே இப்பச் சொல்லுவேன்னு கேட்டுக்கிட்டிருந்தேன். குழாயைக் கூடத் திறக்கலை. நீ என்னடான்னா சின்ன வயசுல அவர் உன் ஜடையை ஜன்னல் கம்பியில கட்டினதைச் சொல்லிச் சிரிக்கறே. அவர் உனக்காகக் கிளாரினெட்டை எடுத்து மூணு ஸ்வரம் ஊதினார். மூணாவது ஸ்வரம் காத்தாத்தான் வந்துது. நீ கை தட்டினே! கை தட்டினியே மிளகு. அவர் முகம் மலர்ந்து போச்சு. அதுக்கப்புறம் நான் மாத்திரையோட போய் நின்னா, "மிளகே ஒத்துக்கிட்டா, உனக்கென்ன"ங்கறார்.

கொடுத்தா துப்பறார். அதட்டிப் பார்த்தேன், அழுது பார்த்தேன். டாக்டரைப் பத்திப் பேச்செடுத்தாலே சுவத்தைக் காட்டறார்.

பட்டறைக்கு இன்னும் போறோம். கைத்தாங்கலாக் கூட்டிக்கிட்டுப் போறேன். அவர் ஊதறது இப்ப கொட்டாவி அளவுதான் வருது. எல்லாரும் தலை குனிஞ்சுக்கிட்டு ஓரம் வரைக்கும் செதுக்கறாங்க. யாரும் யார் முகத்தையும் பார்க்கறதில்லை. தையல்காரம்மா கோடே இப்ப நெளிய ஆரம்பிச்சுடுச்சு.

ரயில்ல ஏறும்போது ஏன் என் கையைப் பிடிச்சே? சொல்றேன்னு வந்தவதானே நீ?

அண்ணி

*

செப்டம்பர் 16

அண்ணி,

வாயைத் திறந்தேன். ரெண்டாவது நாள் நீங்க கடைக்குப் போயிருந்தப்போ. "அண்ணா, இந்தக் கோடு"ன்னேன். உடனே எழுந்துட்டான், சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா விளக்க ஆரம்பிச்சுட்டான். இது என்ன ராகம், இது மழை வந்த வாரம், இது டிரைவர் பிரேக் போடாம செதுக்கினது. "எனக்கு அப்புறமும் இது இருக்கும்ல"ன்னு கேட்டான். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான். ஊதினதெல்லாம் காத்தோட போச்சு மிளகு, இது ஒண்ணுதான் நின்னுதுன்னான்.

எப்படி அண்ணி சொல்லுவேன்?

கை தட்டினேன். ஆமா. வேற என்ன பண்றதுன்னு தெரியலை.

என்னால முடியாது. கோழைன்னு வச்சுக்கோங்க. நீங்க சொன்னாலும் சரி, சொல்லாம விட்டாலும் சரி, ஏன்னு கேட்க மாட்டேன்.

மிளகு

*

நவம்பர் 1

அன்புள்ள மிளகு,

நேத்து நீ போன் பண்ணினப்போ நான் எடுக்கலை. இதைப் படிச்ச பிறகு ஏன்னு புரியும்.

போன மாசம் திடீர்னு அவரே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னார். எனக்கு நம்பவே முடியலை. அப்புறம் பார்த்தா, சுவத்துல இருந்த பிரிண்ட்டையெல்லாம் கழட்டிச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு மடியில வச்சுக்கிட்டார். "அந்த டாக்டர்கிட்ட இதைக் காட்டணும். அவர் படிச்சது தப்புன்னு அவருக்குத் தெரியட்டும்"னார். ஆட்டோவுல வழியெல்லாம் அதைப் பிடிச்சுக்கிட்டே வந்தார்.

வரிசையில பெஞ்சில உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னாடி ஒரே ஒருத்தர்தான் பாக்கி. அந்தச் சுருளை அவர் டாக்டர் மேஜை மேல விரிக்கறதை நினைச்சுப் பார்த்தேன். டாக்டர் அதைப் பார்த்துட்டு, மெஷினைப் பார்த்துட்டு, கடைசியா என்னைப் பார்ப்பார். அந்நியன் ஒருத்தன் முன்னாடி அவர் அவமானப்படக் கூடாது. சொல்லிட்டேன். "இதெல்லாம் நிஜம் இல்லைங்க. நீங்க நிறுத்தின பிறகும் நாங்க செதுக்கினோம்."

என்னைப் பார்க்கலை. "எந்த மாசத்துலேர்ந்து?"ன்னார். மே மாசம்னேன். "எல்லாருமா?"ன்னார். எல்லாரும்னேன். சரிஞ்சு வந்த ரப்பர் பேண்டை மேல ஏத்தி விட்டார். அப்பப் பேர் கூப்பிட்டாங்க. சுருளை பெஞ்சிலேயே வச்சுட்டு எழுந்து போனார்.

மெஷின்ல ஊதச் சொன்னதும் ஸ்கூல் பையன் மாதிரி ஊதினார். டாக்டர் திட்டினதையும் கேட்டுக்கிட்டார். போனது போனதுதான், மாத்திரையை விடாம இருந்திருந்தா கொஞ்ச காலம் தள்ளிப் போட்டிருக்கலாம், இப்ப அந்தக் கட்டம் தாண்டிடுச்சுன்னு என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த கோடைக்காலம் வரைக்கும் பார்க்க முடியுமான்னு கேட்டேன். குனிஞ்சு எதையோ எழுத ஆரம்பிச்சுட்டார்.

இப்ப வீட்டுல ஆக்சிஜன் மெஷின் இருக்கு. குழாயை மாட்டுன்னா மாட்டிக்கறார். மாத்திரை கொடுத்தா முழுங்கிடறார். இந்தச் சமத்துதான் எனக்குத் தாங்கலை. என்னை ஒரு வார்த்தை திட்டலை. கிளாரினெட்டை நான் துடைச்சு வச்சா கண்ணை மூடிக்கறார். தையல்காரம்மாவும் டிரைவரும் பார்க்க வந்தாங்க. அந்தம்மா வாசல்லயே நின்னுக்கிட்டு, "நாங்க நல்லது நினைச்சுத்தான் சார்"னு அழுதாங்க. "உட்காருங்க"ன்னார். உட்கார்ந்தாங்க. தண்ணி குடிச்சுட்டு எழுந்து போயிட்டாங்க. பட்டறையை நிறுத்திட்டேன். ரெகார்ட் போட்டுச் செதுக்கலாம்னு யாரோ ஒரு சனிக்கிழமை சொன்னாங்க. யாருக்கும் உளியைத் தொடக் கை வரலை. நூலகத்துல சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டேன்.

இப்ப உன்கிட்ட சொல்ல வேண்டியதுக்கு வரேன்.

முந்தாநாள் மத்தியானம் அவரா என்னைக் கூப்பிட்டார். ரொம்ப நாளைக்கு அப்புறம். ஓடிப் போய்ப் பக்கத்துல உட்கார்ந்தேன். "மிளகுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டார்.

உன் யோசனைதான்னு சொல்லியிருக்கலாம். பாரத்துல பாதியை உன் தலையில வச்சுட்டு நான் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கலாம். உன் மேல எனக்குக் கோபம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன், நிறைய இருக்கு. ஆனா அவர் கேட்ட விதம் அப்படி இருந்துது. உலகத்துல தன்கிட்ட பொய் சொல்லாதவங்க ஒருத்தராவது மிச்சம் இருக்காங்களான்னு கேட்கற மாதிரி இருந்துது. "தெரியாது. அவளும் ஏமாந்துதான் போனா. அவளுக்கும் அதே பிரிண்ட்டைத்தானே அனுப்பினேன்"னேன்.

"அதான் கை தட்டினாளா"ன்னார். ஆமான்னேன். முகம் கொஞ்சம் இளகிச்சு. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "அவகிட்ட சொல்லிடாதே. நல்லா ஊதினேன்னே நினைச்சுக்கிட்டு இருக்கட்டும்."

அதனால உனக்கு ஒண்ணும் தெரியாது. இந்த மாசமே கிளம்பி வா, தள்ளிப்போடாதே. வந்து அவர் பக்கத்துல உட்கார்ந்து, கோடெல்லாம் எவ்வளவு நீளம்னு ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கறதைப் பத்திப் பேசு. அவர் உன்னை ஏமாத்தறதா நினைச்சுக்கிட்டு ஆமா ஆமான்னு தலையாட்டுவார். நீயும் ஏமாந்துக்கோ. அழறதை ரயில்லயே அழுது முடிச்சுட்டு வா.

அண்ணி